நிறுத்துகிற பொத்தான்

அந்தப் பொத்தானை என் கையில் கொடுத்த நாளில் ஆரம்பித்தது இந்தக் கை நடுக்கம். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா, அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான். அதை அமுக்கினால் என் கணவர் உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். "சும்மா சேஃப்டிக்கு ஆன்ட்டி. யூஸ் பண்ற மாதிரியே வராது" என்றாள் அந்த ஆராய்ச்சிப் பெண். வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஏன் தெரியும் என்பதைத்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை.

அது சாதாரண நாற்காலி இல்லை. உட்காருகிறவர் தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். தொப்பி முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றிலும் பசை வைத்து ஒரு ஒயரைச் செருகுவார்கள். வலது கையை அசைப்பதாக மனதில் நினைத்தால் நாற்காலி வலப்பக்கம் திரும்பும். இடது கையை நினைத்தால் இடப்பக்கம். கால்களை நினைத்தால் முன்னால் போகும். நிறுத்த வேண்டுமானால் கண்ணை இரண்டு முறை இறுக்கி மூட வேண்டும். உடம்பு முழுக்கச் செயலிழந்தவர்களுக்காக நகரத்தின் வடக்கே ஒரு கல்லூரியில் இதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு ஆள் தேவை என்று எங்கள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நான் யோசிக்காமல் சரி என்றேன். முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் உட்கார்ந்து நடுங்குவது என் பிறவிக் குணம்.

என் கணவர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலைப் பிடித்து வருவார். பிறகு ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைத்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். கண் விழித்தபோது, இமையை மூடித் திறப்பதும் விழியை மேலும் கீழும் நகர்த்துவதும்தான் மிச்சமிருந்தது. மற்றபடி எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், வலிக்கும். கிரிக்கெட் பற்றி அபிப்பிராயம்கூட முன்பு போலவே தப்புத்தப்பாக இருந்தது.

நான் கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தவள். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். நல்ல தையல் என் கண்ணில் படாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, அதே கண்ணால் நாள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். விரலை வரிசைமேல் நகர்த்துவேன். வேண்டிய எழுத்து வந்ததும் இமையை மூடுவார். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. ஒரு வாக்கியம் முடிய அரை மணியாகும். மகள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு அட்டை பழகவில்லை. ஆக, என்னை விட்டால் அவருக்கு வேறு வாய் கிடையாது.

விழுந்து ஒரு வருடம் ஆன சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 'போதும். என்னை முடிச்சுடு' என்று எழுத்துக் கூட்டினார். கடைசி எழுத்துவரை நானேதான் விரலை நகர்த்தினேன். சமையலறையிலிருந்து மகள், "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டாள். "உனக்குச் சம்பளம் எப்பன்னு கேக்கறாரு" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தேன்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை கேட்டார். கடைசித் தடவை, 'ஒரு விரல் அசைஞ்சா போதும், உன்னைக் கேக்க மாட்டேன்' என்று முடித்தார். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய பயமாகப் போயிற்று. கேட்கிற மனிதரிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம், சண்டை போடலாம், அழலாம். கேட்காமல் இருப்பவரிடம் என்ன செய்வது?

சோதனைக்குச் சேர்க்கும் முன் கல்லூரியில் ஒரு டாக்டர் எங்களிடம் பேசினார். கையில் படிவம். நோய், மருந்து எல்லாம் கேட்டுவிட்டு, "வாழ்க்கையே வேண்டாம்னு இவர் எப்பவாவது சொல்லியிருக்காரா?" என்றார். ஆமாம் என்றால் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அவரு ரொம்பத் தைரியசாலி" என்றேன்.

டாக்டர் அவர் பக்கம் குனிந்து, "கரெக்டா சார்?" என்றார். அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு இமையை ஒரு தடவை மூடித் திறந்தார். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் பொய் அது.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவர் நகர்வதைப் பார்க்க ஆசை. நாலடி, பத்தடி, எதுவானாலும் சரி. அவர் ஏன் சொன்னார்? வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோ நெரிசலில் நின்றபோது அந்தக் கேள்வி வந்தது. ஒரு விரல் போதும் என்று கேட்டவருக்கு ஒரு நாற்காலியையே வாங்கித் தருகிறேனோ?

பயிற்சி ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள். திரையில் ஒரு கோடு இருக்கும். நினைப்பைப் பிடித்துவிட்டால் கோடு வலமோ இடமோ ஓடும். "அங்கிள், கையில ஒரு பால் இருக்குன்னு நெனைங்க. அத அமுக்குங்க, ஸ்வல்ப ஜோரா, கொஞ்சம் பலமா" என்பாள் அந்தப் பெண். அவளுக்குச் சொந்த ஊர் ஹாசன் பக்கம், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். இரண்டு வாரம் பந்தை அமுக்கினார். கோடு நகரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, அவரு என்னைக்குப் பந்து அமுக்கினாரு? லேத் ஓட்டினவரு. அந்தச் சக்கரத்தைச் சுத்தறதா நெனைக்கச் சொல்லு" என்றேன். அவள் அப்படியே சொன்னாள். அன்றைக்கே கோடு வலப்பக்கம் ஓடியது. மறுவாரம் இடப்பக்கமும். முன்னால் போவதற்குக் கால்களை எப்படி நினைப்பது என்று கேட்டபோது அட்டையில் அவரே எழுத்துக் கூட்டினார்: 'ரயில்'. தங்கவயலில் காலை ரயில் கிளம்பின பிறகு பிளாட்பாரத்தில் ஓடிப்போய் ஏறுவாரே, அந்த ஓட்டம். நாற்காலி முதல்தடவை ஒரு முழம் முன்னால் நகர்ந்தபோது அந்தப் பெண் கைதட்டிக் குதித்தாள். பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல அவரு மனசுல நெனைக்கறது எல்லாமே தெரிஞ்சுடுமா?" என்று அவளைத் தனியாகக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இல்ல ஆன்ட்டி. லெஃப்ட், ரைட், முன்னாடி. அஷ்டே, அவ்வளவுதான். வேற ஒண்ணும் தெரியாது."

அப்பாடா என்றிருந்தது. கூடவே, அந்த மிஷினாவது எனக்குச் சொல்லுமென்று நினைத்தேனே என்ற ஏமாற்றமும் இருந்தது.

பிறகு நீளமான தாழ்வாரத்தில் ஓட்டச் சொன்னார்கள். முதல் மாடி. ஒரு முனையில் லிஃப்ட், மறுமுனையில் கீழே இறங்கும் படிக்கட்டு. படிக்குப் பத்தடி முன்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள், அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னால் சுவரோ மேஜையோ வந்தால் நாற்காலி தானே கண்டுபிடித்து நின்றுவிடும். படிக்கட்டு அதற்குத் தெரியாது. அதனால் படிக்கு முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்தப் பொத்தான் வந்தது.

இங்கே என் அப்பாவின் வேலையைச் சொல்லியாக வேண்டும். தங்கவயல் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்கு மணி அடிப்பவர் அவர். ஏற்ற, இறக்க, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி என்று உண்டு. ஒரே ஒரு மணி என்றால் நிறுத்து. நகர்த்தச் சொல்லி அடிக்க அவருக்கு மட்டும்தான் உரிமை, நிறுத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எங்கள் வீட்டில் இது சுரங்கத்தோடு நிற்கவில்லை. குக்கர் சத்தம் மாறினாலும், பெண் பார்க்க வந்தவர்கள் அளவுக்கு மீறிச் சிரித்தாலும், "டவுட்டா? ஒரு மணி அடி" என்பதுதான் சட்டம். நிறுத்தினவனை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க என்பார் அப்பா. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

முதல் நாளே அமுக்கினேன். அவர் டேப்பை நெருங்கினார், வேகம் குறையவில்லை என்று எனக்குத் தோன்றியது. முந்தானைக்குள் கையை வைத்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. நாற்காலி சத்தமில்லாமல் நின்றது. "பரவால்ல அங்கிள், மறுபடி ட்ரை பண்ணலாம்" என்றாள் அந்தப் பெண். அவள் கண் எப்போதும் கம்ப்யூட்டரில் இருக்கும். மறுநாளும் அமுக்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பினால் அமுக்கினேன், கொஞ்சம் வேகமாகப் போனால் அமுக்கினேன். பயம் வந்தால் விரல் தானாகப் போய்விடும். அமுக்கிய பிறகுதான் அமுக்கிவிட்டோம் என்றே தெரியும்.

மாதக் கடைசியில் முடிவு செய்வார்கள் என்று அவள் சொன்னாள். சரியாக ஓட்டுகிறவர்களுக்கு நாற்காலியை வீட்டுக்கே அனுப்பி ஆறு மாதம் பழக விடுவார்கள். மற்றவர்கள் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "அங்கிள் சிக்னல் நல்லாவே வருது. ஆனா நடுநடுவுல ஏன் நின்னுபோகுதுன்னுதான் கொத்தில்ல, தெரியல" என்று கவலைப்பட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று வீட்டில் அவர் அட்டையைக் கேட்டார். கண்ணை மேலே தூக்கினால் அட்டை வேண்டுமென்று அர்த்தம். 'மூளையும் போச்சு' என்று கூட்டினார். ஒவ்வொரு எழுத்தாக நான்தான் படித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நிறுத்தியது நான்தான் என்று. வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால், நீங்கள் செத்துப்போகப் பார்க்கிறீர்கள் என்று நான் நினைப்பதைச் சொல்ல வேண்டும். இல்லை என்று அவர் சொன்னால் நம்புவேனா? ஆமாம் என்று சொன்னால் நான் எங்கே போவேன்? "அதெல்லாம் ஒண்ணும் போகல, தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

கல்லூரியில் ஏதோ விழா வந்தது. பெஞ்சுகளையெல்லாம் கீழே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். படிக்கு முன்னால் கிடந்த பெஞ்சும் போயிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்று பதினொரு மணி வாக்கில் அவரை லிஃப்ட் பக்கத்திலிருந்து ஓட்டச் சொன்னார்கள். நன்றாகப் போனார், நேராக, ஒரே சீராக. நான் சுவரோரமாகக் கூடவே நடந்தேன். அன்று அமுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தேன். மஞ்சள் டேப் வந்தது. அவர் திரும்பவில்லை.

"அங்கிள், லெஃப்ட்! லெஃப்ட் அங்கிள்!" என்று கத்தினாள் அந்தப் பெண். நாற்காலி டேப்பைத் தாண்டியது. அப்போதுதான் பெஞ்ச் இல்லாததைப் பார்த்தேன். பெஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை, அதற்கு அப்புறம் தரையே இல்லை. விரல் அமுக்கியது. இத்தனை நாள் அமுக்கியதையெல்லாம் சேர்த்து அமுக்கியது.

நாற்காலி நின்றது. முன்சக்கரத்துக்கும் முதல் படிக்கும் நடுவே ஒரு சாண். அந்தப் பெண் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், "சாரி அங்கிள், சாரி ஆன்ட்டி, நான் பாக்கல" என்று அழுதாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு நடுவிலும் நெஞ்சில் ஒரு மூலையில் கர்வம் இருந்தது, காப்பாற்றிவிட்டேன் என்று. நான் பயந்தது சரிதான் என்று.

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு திட்டித் தீர்த்தேன். "என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போகப் பாத்தீங்களா? அந்தப் பொண்ணு வேலையும் போயிருக்கும். என் கண்ணு முன்னாடியே விழணுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை நெனைச்சுப் பாத்தீங்களா என்னை?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு இருக்கும் ஒரே வழி அது. மூன்று நாள் அட்டையைக் கேட்கவில்லை. நான் நீட்டியபோதும் கீழேயே பார்த்தார், அட்டையைப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து எழுந்து பார்த்தேன்.

நாலாம் நாள் அந்தப் பெண் வரச் சொல்லி போன் செய்தாள். இனி வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். முகம் வாடியிருந்தது. தன் தப்பினால் என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காகப் பழைய பதிவையெல்லாம் திறந்து பார்த்தாளாம். திரையில் நீளமாகக் கோடுகள், அவற்றின்மேல் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள்.

"ப்ளூ எல்லாம் அங்கிள் கண்ணு மூடி நிறுத்தினது" என்றாள். சிவப்புப் புள்ளி ஒன்றைத் தொட்டு, "இந்த ரெட் எல்லாம்... உங்க பட்டன் ஆன்ட்டி. அங்கிள் மிஸ்டேக் பண்ணவே இல்ல."

சிவப்புப் புள்ளிகள் திரை முழுக்க இருந்தன. எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன்; அவர் கண் திரையை விட்டு என்மேல் நின்றது. மூளையும் போச்சு என்று அவர் கூட்டிய எழுத்துகளில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. நிறுத்தினவனை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்ற அப்பா, கூண்டுக்குள் இருட்டில் நடுவழியில் தொங்கிக்கொண்டிருந்த ஆட்களை என்றைக்காவது கேட்டாரா என்று அப்போது தோன்றியது. ஏன் நின்றது என்றே தெரியாமல் தொங்கியவர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது மட்டும் பாருங்க ஆன்ட்டி" என்று அவள் ஒரு இடத்தைப் பெரிதாக்கினாள். "அன்னைக்கு, படிக்கட்டுகிட்ட. ப்ளூ ஃபர்ஸ்ட். அங்கிள் ஸ்டாப் கொடுத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் உங்க ரெட்." நீலப் புள்ளிக்கு வலதுபக்கம், கொஞ்சம் தள்ளி, என் சிவப்புப் புள்ளி இருந்தது. நான் அமுக்கியபோது நாற்காலி ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது. நான் யாரையும் காப்பாற்றவில்லை.

எங்களைத் தனியாக விடும்படி அவளைக் கேட்டுக்கொண்டேன். அவள் வெளியே போனதும் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். "நான்தான் அமுக்கினேன். நீங்க போயிடுவீங்கன்னு பயந்து அமுக்கினேன். உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். எத்தனையோ நாளாக வராத வாய் அப்போது வந்தது. "ஆனா டேப்பைத் தாண்டிட்டுப் போனீங்களே. அது ஏன்? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கண்ணை மேலே தூக்கினார். விரலை நகர்த்தினேன். என் கை ஆடியதால் வரிசை மாறி மாறிப் போய்விட்டது, அவர் பொறுமையாக இரண்டு தடவை இமையை மூடித் திருத்தினார். 'பெஞ்ச் இல்ல பாத்தேன்' என்று வந்தது. என் உயிர் போய்விட்டது. விரலை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அவர் கண் மறுபடி மேலே போனது. 'நிப்பேனா பாக்க போனேன்.'

நான் பயந்தது பொய்யில்லை. அந்த நினைப்போடுதான் போயிருக்கிறார். நிற்காமலும் இருந்திருக்கலாம், அது அவருக்கே தெரியாமல்தான் போயிருக்கிறார். அடுத்ததைக் கேட்கவே கூடாது, எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"நின்னீங்களே. ஏங்க நின்னீங்க?"

முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் முடிக்காமல் நான் ஊகித்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மூன்றாவது எழுத்துவரை விரலைக் கொண்டுபோனேன். 'பயம்' என்றார்.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். விழுந்ததிலிருந்து இத்தனை நாளில் அவர் என்னிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான். அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சாவைக் கண்டு அவருக்கும் பயம் வந்திருக்கிறது. பயந்துபோய்க் கண்ணை இறுக்கி இரண்டு முறை மூடியிருக்கிறார், யாரும் சொல்லாமல், நான் அமுக்கும் முன்பே.